மொழி ஒன்று, எழுத்து இரண்டு: டிரான்ஸ்னிஸ்ட்ரியா பள்ளிகளில் நடந்தது

18 மார்ச் 2023, மாலை: ஒரு வாசகரின் கேள்வி

“மால்டோவா நாடாளுமன்றம் முந்தாநாள் ஒரு சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. சட்டங்களில் ‘மால்டோவிய மொழி’ என்று வரும் இடமெல்லாம் இனி ‘ருமேனிய மொழி’. பேசுவது ஒரே மொழிதான் என்று அவர்களே ஒத்துக்கொண்ட மாதிரி. அப்படியென்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டிரான்ஸ்னிஸ்ட்ரியாவில் அதே மொழியைச் சிரிலிக் எழுத்தில், அதாவது ரஷ்யனை எழுதும் எழுத்தில், சொல்லிக்கொடுப்பதில் என்ன கேடு? பிள்ளை தாய்மொழியில்தானே படிக்கிறது? வெறும் எழுத்துக்காகப் பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது.”

18 மார்ச், இரவு 10.40

2016 வரை நானும் இப்படித்தான் நினைத்தேன். நினைப்பு மாறிய இடத்தைச் சொல்கிறேன்.

மால்டோவாவின் தலைநகர் கிஷினாவில் 2013 முதல் 2019 வரை மருத்துவம் படித்தேன். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். வார்டுக்குள் போனால் நோயாளியிடம் ருமேனிய மொழியில் பேசியாக வேண்டும். அதற்கென்று தனி மொழி வகுப்பு வைத்திருந்தார்கள். லத்தீன் எழுத்து என்பதால் வாசிக்கச் சீக்கிரம் வந்துவிட்டது. பேசத்தான் திணறினேன்.

நான்காம் வருடம் அறுவை சிகிச்சைப் பிரிவில் ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். குடலிறக்கம். டினீஸ்டர் ஆற்றுக்குக் கிழக்கே ஏதோ ஒரு கிராமம். அவர் பேசிய ருமேனியம் அவ்வளவு அழகு. நாங்கள் பாடப்புத்தகத்தில் படித்த மொழி அதன் பக்கத்தில் காய்ந்த கட்டை மாதிரி இருந்தது. ஒப்புதல் படிவத்தை அவரிடம் நீட்டினேன். வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நீங்களே வாசியுங்கள்” என்று திருப்பிக் கொடுத்தார். வாசித்தேன். இரண்டு இடத்தில் என் உச்சரிப்பைத் திருத்தினார். இரண்டும் சரியான திருத்தம்.

அவருடைய தாய்மொழியை அவருக்கு வாசித்துக் காட்டியது, எங்கிருந்தோ போன நான். மொழி அவரிடம் இருந்தது, தாள் என் கையில் இருந்தது. எழுத்து என்ன செய்யும் என்று கேட்டால் எனக்கு முதலில் அந்தத் தாள்தான் நினைவுக்கு வருகிறது.

19 மார்ச், காலை

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக.

டிரான்ஸ்னிஸ்ட்ரியா என்பது டினீஸ்டரின் கிழக்குக் கரையில் ஒடுங்கிய நீள நிலம். சர்வதேசச் சட்டப்படி மால்டோவாவுக்குள் அடக்கம். 1990 செப்டம்பர் 2 அன்று தனிக் குடியரசு என்று அறிவித்துக்கொண்டார்கள். 1992-ல் போர், ஜூலை 21-ல் சண்டை நிறுத்தம். ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றுகூட அதை அங்கீகரிக்கவில்லை. ரஷ்யப் படை இன்றும் அங்கே இருக்கிறது.

சண்டை முடிந்த கையோடு 1992 செப்டம்பரில் அங்கே ஒரு மொழிச் சட்டம் வந்தது. ரஷ்யன், உக்ரேனியன், மால்டோவியன் மூன்றும் ஆட்சிமொழி, ஆனால் மால்டோவியனை எழுதினால் சிரிலிக்கில்தான் எழுத வேண்டும். 1994 ஆகஸ்டில் பள்ளிகளில் லத்தீன் எழுத்துக்கே தடை.

1989 கணக்கெடுப்பின்படி அந்தப் பகுதியில் மால்டோவியர் சுமார் 40 சதவீதம், உக்ரேனியர் 28, ரஷ்யர் 24. ஆக, இது ஏதோ மூலையில் இருந்த சிறு கூட்டத்தின் பிரச்சினை இல்லை. அங்கிருந்த சமூகங்களில் பெரியது அதுதான்.

19 மார்ச், மதியம்

ஒருவர் சரியான இடத்தில் பிடித்திருக்கிறார். “அந்தப் பெரியவர் சோவியத் காலத்தில் படித்தவர். அவர் வயதுக்காரர்கள் மேற்குக் கரையிலும் சிரிலிக்தானே படித்திருப்பார்கள்? அதற்கு டிரான்ஸ்னிஸ்ட்ரியா எப்படிப் பொறுப்பு?”

உண்மைதான். நான் அதை விட்டுவிட்டேன். 1941-ல் இருந்து 1989 வரை சோவியத் மால்டோவா முழுக்கச் சிரிலிக்தான். நான் குடியிருந்த வீட்டுக்காரம்மாவும் அந்த எழுத்தில்தான் பள்ளிப்படிப்பு முடித்தவர். வேறுபாடு அதற்கு அப்புறம் நடந்ததில் இருக்கிறது. 1989 ஆகஸ்ட் 31 அன்று கிஷினாவில் லத்தீன் எழுத்துக்குத் திரும்பும் சட்டம் வந்தது. வீட்டுக்காரம்மாவுக்கு அப்போது முப்பது சொச்சம் வயது. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைப் பலகை, மின்கட்டண ரசீது, மகனின் முதல் வகுப்புப் புத்தகம் என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். மகன் எழுத்துக்கூட்டும்போது இவரும் பக்கத்தில் இருந்து எழுத்துக்கூட்டுவாராம். “நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பு” என்பார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெரியவருக்கு அந்தப் பலகையும் இல்லை, ரசீதும் இல்லை. பேரன் கொண்டுவரும் புத்தகத்திலும் அதே பழைய எழுத்து.

19 மார்ச், இரவு

எழுத்தைப் பற்றியே கொஞ்சம். இது ரசமான கதை.

டிரான்ஸ்னிஸ்ட்ரியாவின் பெரும்பகுதி 1924-ல் சோவியத் உக்ரைனுக்குள் ஒரு தன்னாட்சிப் பகுதியாக உருவாக்கப்பட்டது. டினீஸ்டரின் மேற்கே அப்போது ருமேனியா. அந்தத் தன்னாட்சிப் பகுதியில் 1932-ல் மாஸ்கோவின் ஒப்புதலோடு லத்தீன் எழுத்து வந்தது. பள்ளி, செய்தித்தாள் எல்லாம் லத்தீன். 1938-ல் திரும்பவும் சிரிலிக். லத்தீனை ஆதரித்து எழுதியவர்கள், பாடநூல் தயாரித்தவர்கள் பலர் அந்த வருடங்களின் களையெடுப்பில் அழிந்தார்கள். 1932-ல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஆறாம் வகுப்பை முடிக்கிறபோது, தான் கற்ற எழுத்தே குற்றம் என்று தெரிந்துகொண்டது.

அதனால் “அந்தக் கரையில் லத்தீன் என்பது 1989-க்குப் பிறகு வெளியிலிருந்து திணித்தது” என்ற வாதம் நிற்காது.

அப்புறம் 1967-ல் சிரிலிக்கில் புது எழுத்து ஒன்றைச் சேர்த்தார்கள். ரஷ்யனில் ஆறு காலைப் பரப்பிக்கொண்டு நிற்கும் வண்டு மாதிரி ஓர் எழுத்து உண்டு. அதன் தலையில் சின்னப் பிறை ஒன்றை வைத்தால் ‘ஜ’ ஒலி. ரஷ்யனுக்கு வேண்டாத எழுத்து அது. மால்டோவிய மொழிக்கென்று செய்தது. வீட்டுக்காரம்மா அதைக் காகிதத்தில் வரைந்து, “பார், வண்டுக்குத் தொப்பி” என்று காட்டினார். பள்ளியில் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்களாம். சிறு வயது ஞாபகம் வந்தால் அவர் முகமே மாறிவிடும்.

20 மார்ச்

இனி 2004. கேள்வி கேட்டவர் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். “வெறும் எழுத்து” என்ற சொல்லை நான் ஏற்காததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

தடை இருந்தும் சில பள்ளிகள் லத்தீனை விடவில்லை. மால்டோவாவின் பாடத்திட்டம், மால்டோவா தரும் சம்பளம். 1999-ல் டிரான்ஸ்னிஸ்ட்ரியாவின் தலைநகரான டிராஸ்பொல்லின் நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது: ‘அந்நிய நாட்டுப் பள்ளிகள்’ எல்லாம் எங்களிடம் பதிவு செய்ய வேண்டும். சொந்த ஊரில், சொந்த மொழியில் நடக்கும் பள்ளிக்கு அந்நியப் பள்ளி என்று பெயர். பதிவு செய்தால் பாடத்திட்டமும் எழுத்தும் போகும். பதிவு செய்யாவிட்டால் பள்ளியே போகும். 2004 ஜூலை 14 அன்று மூடும் வேலையைத் தொடங்கினார்கள்.

ரிப்னிட்சாவில் எவ்ரிகா பள்ளி. மால்டோவாவின் பொதுப்பணத்தில் கட்டிய கட்டடம். ஜூலை 29 அன்று காவலர்கள் உள்ளே புகுந்து, அங்கிருந்த பெண்களையும் பிள்ளைகளையும் வெளியேற்றினார்கள். அடுத்த சில நாட்களில் அதிகாரிகள் வீடு வீடாகப் போனார்கள். பிள்ளையை எடுத்து எங்கள் பள்ளியில் சேருங்கள், இல்லாவிட்டால் வேலை போகும், பெற்றோர் என்ற உரிமையே போகும் என்று மிரட்டியதாகப் பெற்றோர் நீதிமன்றத்தில் சொன்னார்கள். அக்டோபரில் பள்ளி திரும்பவும் திறந்தது. முன்பு மழலையர் பள்ளியாக இருந்த கட்டடம் அது. சோதனைக்கூடம் கிடையாது, விளையாட இடம் கிடையாது.

பெந்தரில் அலெக்சாண்ட்ரு செல் புன் பள்ளி. தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்தார்கள். ஆசிரியர், பெற்றோர், பிள்ளைகள் எல்லோரும் உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள், வெளியே வர மறுத்தார்கள். வெளியே காவலர்கள் சூழ்ந்து நின்றார்கள். கடைசியில் பள்ளிக்குக் கிடைத்தது ஊரின் வெவ்வேறு மூலைகளில் மூன்று வாடகைக் கட்டடங்கள். முதன்மைக் கட்டடத்துக்கே பேருந்து வசதி இல்லை.

கிரிகோரியோபொல் கதை அதற்கும் முந்தியது. 2002 ஆகஸ்டில் ஸ்டெஃபான் செல் மாரே பள்ளியைக் காவலர்கள் கைப்பற்றினார்கள். பெற்றோர் குழுவின் தலைவருக்கு 15 நாள் காவல். பள்ளியைச் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, மால்டோவாவின் கையில் இருந்த டோரொட்ஸ்காயா கிராமத்துக்கு மாற்றினார்கள். தினமும் காலையில் பிள்ளைகள் பேருந்தில் ஏறி, சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டி, அடையாளச் சீட்டைக் காட்டி, வகுப்புக்குப் போய், சாயங்காலம் அதே மாதிரி திரும்பி வர வேண்டும். அ, ஆ படிக்க.

2004 ஜூலையில் ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பின் சிறுபான்மையினர் உயர் ஆணையர் ரோல்ஃப் எக்கேயஸ் இதை ‘மொழித் துடைத்தெறிப்பு’ என்ற பொருளில் கண்டித்தார். அவர் பல நாட்டுப் பேச்சுவார்த்தைகளைப் பார்த்த ராஜதந்திரி. அப்படிப்பட்டவர்கள் இவ்வளவு கடுமையான சொல்லை லேசில் எடுப்பதில்லை.

20 மார்ச், சற்று நேரம் கழித்து

மாணவர் எண்ணிக்கையைக் கேட்டிருந்தார்கள். நீதிமன்றத் தீர்ப்பில் இருப்பது:

எவ்ரிகாவில் 2002-03-ல் 683 பேர், 2008-09-ல் 345. அலெக்சாண்ட்ரு செல் புன்னில் 1,751-லிருந்து 901. ஸ்டெஃபான் செல் மாரேயில் 2000-01-ல் 709 பேர், 2008-09-ல் 169.

பிள்ளைகள் எங்கே போனார்கள்? சிலர் சிரிலிக் பள்ளிக்கு, சிலர் ரஷ்யப் பள்ளிக்கு, சிலர் குடும்பத்தோடு ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம். பள்ளியை முழுசாக மூட வேண்டிய தேவையே இல்லை. தண்ணீர் வராது, பேருந்து தொலைவு, பை சோதனை, அப்பாவுக்கு வேலை பயம். இவற்றைச் சேர்த்து வைத்தால் வகுப்பு தானாகக் காலியாகிவிடும்.

21 மார்ச்

நேற்று ரத்தம் சூடாக இருந்தது. இரண்டு விஷயத்தைத் திருத்த வேண்டும்.

ஒன்று, பள்ளிகள் மூடப்பட்டுவிட்டன என்பது போல் ஒரு தொனி வந்துவிட்டது. அப்படி இல்லை. மால்டோவாவின் கல்வி அமைச்சகத்தின் கீழ் எட்டுப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. சம்பளம், புத்தகம், வாடகை, பேருந்து எல்லாம் கிஷினாவிலிருந்துதான் வருகின்றன.

இரண்டு, “அ, ஆ படிக்க” என்று எழுதினேன். சாவடியைத் தாண்டியது சின்னப் பிள்ளைகள் மட்டும் இல்லை. மேல்வகுப்பு மாணவர்களும் அதே பேருந்தில்தான்.

21 மார்ச், இரவு

“சிரிலிக் பள்ளியில் படித்தால் என்ன நட்டம், மொழி கெட்டுவிடுமா?” என்று திரும்பவும் கேட்டிருக்கிறார்.

மொழி கெடாது. ஆனால் புத்தகம் எங்கிருந்து வரும்? ருமேனியாவில் அச்சாவது லத்தீன். மால்டோவாவில் அச்சாவது லத்தீன். கிஷினாவிலும் புக்காரெஸ்டிலும் பல்கலைக்கழகம் லத்தீன். சிரிலிக்கில் எழுதும் மால்டோவியனைப் பள்ளியில் நடத்தும் இடம் உலகில் டிரான்ஸ்னிஸ்ட்ரியா ஒன்றுதான். வழக்கில் பெற்றோர் முக்கியமாகச் சொன்ன குறையும் இதுதான்: பிள்ளைகள் கையில் இருப்பது சோவியத் காலத்துப் பாடநூல். சிரிலிக்கிலேயே பள்ளி முடித்த பிள்ளைக்கு மேல்படிப்பு வேண்டுமென்றால் நடைமுறையில் ரஷ்யனுக்குத்தான் போக வேண்டும். தாய்மொழி பள்ளியோடு நின்றுவிடும்.

கிஷினாவில் என்னோடு படித்த ஒரு பெண் அந்தக் கரையைச் சேர்ந்தவள், லத்தீன் பள்ளியில் படித்தவள். ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அவளுடைய பெரியம்மா மகன் அதே தெருவில் சிரிலிக் பள்ளியில் படித்தான். இரண்டு பேரும் வீட்டில் பேசுவது ஒரே மொழி. பிறந்தநாளுக்கு அவள் ஒரு கதைப்புத்தகம் வாங்கிக் கொடுத்தாளாம். அவன் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, ராத்திரி அவளையே வாசிக்கச் சொல்லிக் கேட்டானாம். பிறகு அவன் ரஷ்ய மொழியில் படித்து மாஸ்கோ பக்கம் வேலைக்குப் போய்விட்டான். இப்போது இருவரும் கைப்பேசியில் எழுத்தில் பேசினால் ரஷ்யன். குரல் அனுப்பினால் மட்டும் தாய்மொழி.

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. வானிலை சொல்வது போலச் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

22 மார்ச்

இன்று அதிபர் மாயா சாண்டு சட்டத்தில் கையெழுத்திட்டுவிட்டார். டிராஸ்பொல்லில் இது எதையும் மாற்றாது. அங்கே ‘மால்டோவிய மொழி’ அதே எழுத்தோடு தொடரும்.

23 மார்ச்

நம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்தோடு ஒருவர் ஒப்பிட்டிருக்கிறார். ணை, லை, னை எல்லாம் கொம்பை இழந்து புது வடிவம் எடுத்த மாற்றம். முதலில் எனக்கும் நல்ல ஒப்பீடாகத் தோன்றியது. யோசித்தால் பொருந்தவில்லை. என் பாட்டி வைத்திருந்த பழைய அச்சுப் புத்தகத்தை நான் தடையில்லாமல் வாசிக்கிறேன், புது அச்சை அவர் வாசித்தார். எழுத்து அதேதான், சில உருவங்கள் மட்டும் மாறின. யாரையும் பள்ளியிலிருந்து இழுத்துப் போடவில்லை. இதோடு அந்த ஒப்பீட்டை விட்டுவிடலாம்.

25 மார்ச்

வழக்கைப் பற்றி. இதில் நிறைய பேர் குழம்புகிறார்கள், நானும் முதலில் குழம்பினேன்.

மூன்று பள்ளிகளின் பிள்ளைகளும் பெற்றோரும், மொத்தம் 170 பேர், 2004 முதல் 2006 வரை மனுப் போட்டார்கள். கட்டான் வழக்கு என்று பெயர். மால்டோவா, ரஷ்யா இரண்டு நாடுகளுக்கும் எதிராக. ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2012 அக்டோபர் 19 அன்று தீர்ப்புச் சொன்னது.

மால்டோவா மீது தவறு இல்லை என்று எல்லா நீதிபதிகளும் ஒருமனதாக. அதன் நிலம்தான், ஆனால் அதன் கை அங்கே எட்டவில்லை. எட்டாத இடத்தில் செய்யக்கூடியதை, அதாவது வாடகை, சம்பளம், பேருந்து, பேச்சுவார்த்தை, அது செய்தது என்று ஏற்றுக்கொண்டார்கள்.

ரஷ்யா மீது 16-க்கு 1 என்ற கணக்கில் கல்வி உரிமை மீறல். பள்ளிகள் மீதான நடவடிக்கையில் ரஷ்ய அதிகாரிகள் நேரடியாகப் பங்கெடுத்ததற்குச் சான்று இல்லை என்று நீதிமன்றமே சொல்கிறது. ஆனால் அந்த நிர்வாகம் பிழைத்திருப்பதே ரஷ்யாவின் படை, பணம், அரசியல் ஆதரவு ஆகியவற்றால்தான். ஆகவே பொறுப்பும் ரஷ்யாவுடையது. தடைக்கு நியாயமான நோக்கம் எதையும் காணவில்லை என்றும், மக்களை ரஷ்யமயமாக்குவதே நோக்கமாகத் தெரிகிறது என்றும் எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் 6,000 யூரோ இழப்பீடு.

தேதிகளைக் கவனியுங்கள். இதே நீதிமன்றம் டிரான்ஸ்னிஸ்ட்ரியா பற்றிய முதல் பெரிய தீர்ப்பை, இலாஷ்கு வழக்கை, 2004 ஜூலை 8 அன்று சொன்னது. ரஷ்யாவின் தீர்மானகரமான செல்வாக்கு அங்கே இருக்கிறது என்று அதில்தான் வந்தது. ஆறாவது நாள் பள்ளிகளை மூடத் தொடங்கினார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வாரத்தில் எவ்ரிகா பள்ளிப் பெற்றோர் என்ன நம்பிக்கையில் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

25 மார்ச், பின்குறிப்பாக

இழப்பீடு வந்ததா என்று கேட்கிறீர்கள். ரஷ்யா தரவில்லை. அந்த நீதிமன்றம் சார்ந்திருக்கும் ஐரோப்பிய கவுன்சிலின் அமைச்சர்கள் குழு திரும்பத் திரும்ப வற்புறுத்தியும் தரவில்லை. போன வருடம் மார்ச் 16 அன்று ரஷ்யா கவுன்சிலிலிருந்தே நீக்கப்பட்டது. செப்டம்பர் 16-க்குப் பிறகு ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையும் அதைக் கட்டுப்படுத்தாது. பழைய தீர்ப்புகள் செல்லுபடியாகும், வசூலிக்கத்தான் வழி இல்லை.

28 மார்ச்

எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் மறுபக்கத்தையும் எழுத வேண்டும்.

1989-ல் கிஷினாவில் மொழிச் சட்டம் வரும்போது டிராஸ்பொல்லில் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பலர் ரஷ்யன் மட்டுமே தெரிந்தவர்கள், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். நாளைக்கு நம் பிள்ளைக்கு என்ன மொழியில் பாடம், நமக்கு என்ன வேலை என்ற பயம் அவர்களுக்கும் உண்மையாகவே இருந்தது. ருமேனியாவோடு சேர்த்துவிடுவார்கள் என்ற பேச்சும் அப்போது பலமாக இருந்தது. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் பயம் உண்மையாகவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். நான் குடியிருந்த வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ரஷ்ய வழிப் பள்ளி ஒன்று இருந்தது. அரசுப் பணம், அரசு ஆசிரியர்கள். காலையில் பிள்ளைகள் ரஷ்யனில் கத்திக்கொண்டே போவார்கள். யாரும் பையைத் திறந்து பார்த்ததில்லை. கிஷினாவில் அப்படிப் பல பள்ளிகள். ஒரு கரையில் செய்ய முடிந்ததை மறு கரையிலும் செய்திருக்கலாம்.

2 ஏப்ரல்

இன்னொரு திருத்தம், பெரியது. ஒருவரின் தனிச்செய்திக்குப் பதில் எழுதும்போது “சிரிலிக் என்பது ஸ்டாலின் திணித்த போலி எழுத்து” என்று எழுதிவிட்டேன். அது தவறு. இங்கேயே பொதுவில் திருத்துகிறேன்.

ருமேனிய மொழியின் பழைய எழுத்தே சிரிலிக்தான். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ருமேனியப் பத்திரம் 1521-ல் எழுதிய ஒரு கடிதம். அது சிரிலிக்கில் இருக்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அதில்தான் எழுதினார்கள், வேதநூல் அச்சிட்டார்கள். 1860-களில்தான் ருமேனியாவில் லத்தீன் முறையானது. 1812-ல் ரஷ்யப் பேரரசு எடுத்துக்கொண்ட பெசராபியாவில், அதாவது இன்றைய மால்டோவாவின் பெரும்பகுதியில், பழைய எழுத்து இன்னும் நீண்ட காலம் தங்கியது. சோவியத் சிரிலிக் அந்தப் பழைய எழுத்து அல்ல, ரஷ்ய அரிச்சுவடியிலிருந்து செய்தது. ஆனால் எழுத்தின் குடும்பம் அந்நியம் இல்லை.

இதை எனக்குப் புரியவைத்ததும் வீட்டுக்காரம்மாதான். ரயில் நிலையம் பக்கத்தில் பழைய பொருள் சந்தை உண்டு. தரையில் துணி விரித்துப் புத்தகம், பதக்கம், தேநீர்க் கோப்பை எல்லாம் பரப்பியிருப்பார்கள். அங்கே சிரிலிக்கில் அச்சான குழந்தைப் பாட்டுப் புத்தகம் ஒன்றைப் பத்து லேய்க்கு வாங்கினார். தான் முதல் வகுப்பில் படித்ததாம். வழியெல்லாம் வாசித்துக்கொண்டே வந்தார். “எழுத்து என்ன பாவம் செய்தது?” என்றார். லத்தீன் திரும்பி வந்தபோது சதுக்கத்தில் கூட்டத்தோடு நின்றவரும் அவர்தான்.

கெட்டது எழுத்து இல்லை. ஒரு தலைமுறை எதை வாசிக்கலாம் என்று காவலர் வந்து முடிவு செய்ததுதான்.

9 ஏப்ரல்

டிராஸ்பொல் போயிருக்கிறாயா என்று கேட்டவருக்கு: ஒரே ஒரு முறை, 2018 வசந்தத்தில். சிற்றுந்தில் ஒன்றரை மணி நேரம் போலப் பிடித்தது. சாவடியில் கடவுச்சீட்டைப் பார்த்து, எத்தனை மணி வரை இருக்கலாம் என்று அச்சிட்ட சின்னத் துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். தனிப் பணம், தனி ரூபிள். அரசுக் கட்டடப் பலகையில் மூன்று மொழி பார்த்தேன், அதில் சிரிலிக் மால்டோவியனும் இருந்தது. கடைவீதியில் முழுக்க ரஷ்யன். சந்தையில் காய் விற்ற பாட்டியிடம் ருமேனியத்தில் விலை கேட்டேன். சட்டென்று நிமிர்ந்து பார்த்து, குரலைத் தணித்து அதே மொழியில் பதில் சொன்னார். பிறகு இரண்டு தக்காளி கூடப் போட்டார்.

அந்தத் தணிந்த குரலைப் பற்றி அதிகம் கட்டிவிடக் கூடாது. பாட்டிக்குத் தொண்டை கட்டியிருந்திருக்கலாம்.

14 ஏப்ரல்

நல்லதும் நடந்தது, அதையும் பதிய வேண்டும். 2017 நவம்பர் 25 அன்று இரு தரப்பும் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம் லத்தீன் பள்ளிகளுக்கென்றே வந்தது. வாடகையைக் குறைப்பது, பிள்ளைகளும் ஆசிரியர்களும் தடையில்லாமல் போய்வருவது பற்றியது. அதே மாதம் 18-ஆம் தேதி, 1992-லிருந்து அடைந்து கிடந்த ஆற்றுப் பாலம் ஒன்றும் திறந்தது. அதற்குக் கிட்டத்தட்ட நான்கு வருடம் முன்னால்தான், 2014 பிப்ரவரியில், டிராஸ்பொல் லத்தீன் பள்ளிக்காரர்களை ஆசிரியர் சம்பளப் பணத்தோடு வழியில் பிடித்து வைத்தார்கள். அதற்கு 2019-ல் தனித் தீர்ப்பே வந்தது. அந்த நிலையிலிருந்து பார்த்தால் ஒப்பந்தம் பெரிய நிம்மதி.

ஆனால் லத்தீனைத் தடுக்கும் சட்டம் அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் போய்வருவது ஒப்பந்தத்தின் தயவில்.

16 ஏப்ரல்

அந்த வார்டுப் பெரியவரைப் பற்றி ஒரு வாரமாக மனசு உறுத்துகிறது. அவருக்கு லத்தீன் எழுத்து அறவே தெரியாது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் காலையில் அவர் கட்டிலருகே ஒரு செய்தித்தாள் கிடந்தது, கிஷினாவில் அச்சானது. தலைப்புகளை விரல் வைத்து மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மடித்துவிட்டார். அப்படியானால் முந்தின நாள் வாசிக்க முடியாமல் இல்லை. வெளிநாட்டுப் பையன் முன்னால் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கூச்சப்பட்டிருக்கிறார். ஏழு வருடமாக இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர் இதை எனக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம், முதியவரே கற்றுக்கொள்கிறாரே என்று. எனக்கு அது இன்னும் அதிகமாக வலிக்கிறது.

31 ஆகஸ்ட் 2023

இன்று மால்டோவாவில் மொழி நாள். விடுமுறை. அந்தக் கரைத் தோழிக்கு வாழ்த்து அனுப்பினேன், இந்தப் பதிவுகளின் சாரத்தையும் சொன்னேன். அவள் இப்போது கிஷினாவிலேயே குழந்தைகள் மருத்துவர். குரல் செய்தியில் நீளமாகப் பதில் வந்தது. பெரும்பாலும் சரி என்றாள். ஒன்றை மட்டும் திருத்தினாள்.

சோதனையில் முதலில் கண்ணில் படும்படி பையின் மேலே ரஷ்யப் பாடப்புத்தகத்தை வைப்பாள் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவள் எப்போதோ சொன்னதாக ஞாபகம். அப்படி இல்லையாம். மேலே இருந்தது கணக்கு நோட்டு. எண்கள் இரண்டு எழுத்துக்கும் ஒன்றுதானே. அம்மாதான் தினமும் அடுக்கித் தருவாராம், அட்டையில் பெயர் எழுதாமல்.